சுண்ணாம்பு படாத மூலை

போன மாதம் மகள் என்னைப் போலந்தின் வார்சாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெட்டி நிறையக் கம்பளி. மலேசியாவில் குளிரடிக்கும் கேமரன் மலையில் பிறந்தவளுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். பழைய நகரத்துச் சதுக்கத்தில் மஞ்சளும் காவியுமாக வீடுகள் ஒட்டி ஒட்டி நின்றன. நான் வாயைப் பிளந்துகொண்டு, "முந்நூறு வருசம் இருக்கும்லா?" என்றேன். மகள் அதை வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டாள். போரில் ஊரே தரைமட்டமாகிவிட்டதாம். பழைய ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து மறுபடி கட்டினார்களாம். என்னைவிடச் சில வயதுதான் மூத்த வீடுகள்!

ஒரு சந்தில் குண்டு துளைத்த சுவர்த்துண்டை மட்டும் பூசாமல் விட்டிருந்தார்கள். எல்லோரும் படம் எடுத்தார்கள். எனக்குச் சுண்ணாம்பு வாசனை வந்தது. அங்கே ஏது சுண்ணாம்பு? எல்லாம் என் மூக்குக்குள் இருந்ததுதான்.

தீபாவளிக்கு முன்னால் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் வெள்ளையடிக்க வீட்டுக்கு ஒரு வாளி சுண்ணாம்பு தருவார்கள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடுகள், அதுதான் லைன். பக்கத்து வீட்டில் தும்மினால் நமக்குக் கேட்கும். வீடு நம்முடையது இல்லை. குடும்பத்தில் ஒருவர் பெயராவது செக்ரோலில், அதாவது எஸ்டேட் வேலையாள் பதிவேட்டில், இருக்கும்வரைதான் அதில் குடியிருக்கலாம்.

எழுபதுகளின் கடைசியில் அப்பாவுக்கு நெஞ்சுநோவு வந்து வேலை நின்றது. அம்மா முன்பே இறந்துவிட்டாள். தங்கை செல்வி அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. எனக்கோ தாதிப் பயிற்சிக்கு மலைக்குக் கீழே ஈப்போ நகரத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியவள் நான்.

எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வாசலில் வந்து நின்று, "செக்ரோல்ல பேரு இல்லன்னா வீட்ட காலி பண்ணணும்லா. நான் என்ன செய்ய, ரூல்ஸ்" என்றார்.

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு மாசத்துக்குப் பேரப் போட்டு வையி தாயி. எனக்கு நேராயிரும்."

போட்டேன். அந்தத் தீபாவளிக்கு செல்வியும் நானும் சுண்ணாம்பு அடித்தோம். என் பாய் விரிக்கும் மூலைக்கு மட்டும் அடிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தேன்.

"அசிங்கமா இருக்குக்கா."

"ரெண்டு மாசத்துல போறவளுக்கு எதுக்குடி சுண்ணாம்பு?"

அந்த இரண்டு மாதம் எட்டு வருடமாக நீண்டது. விடிந்தால் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயருக்குக் குரல் கொடுக்க வேண்டும், பிறகு முதுகில் கூடை, பனியில் நனைந்த கொழுந்து. தேயிலை நிரையில் நின்றால் கீழே ரோடு தெரியும். மலைமேல் திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோசு லோரிகள் அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கும். முட்டைக்கோசுக்குக்கூட இந்த மலையை விட்டுப் போக வழி இருக்கிறதே என்று வயிறெரிந்து நிற்பேன். முட்டைக்கோசைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த மூலையை மட்டும் விட்டுவிடுவேன். அடித்தால் அங்கேயே தங்கிவிடுவேன் என்று பயம்.

தாதிப் பயிற்சிக்கான வயது தாண்டிப் போனது. கடைசியில் ஈப்போவில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. செல்விக்கு அப்போது பதினெட்டு. அவளாகவே போய்ச் செக்ரோலில் பெயர் போட்டுவிட்டு வந்தாள்.

"நீ போக்கா. ரெண்டு மாசம் நான் பாத்துக்குறேன். அதுக்குள்ள அப்பாவையும் என்னையும் அழச்சுக்க."

அழைத்துக்கொள்ளவில்லை. அப்பா ஈப்போவுக்கு வரமாட்டேன் என்றார், எனக்குக் கல்யாணம் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள். காரணத்துக்கா பஞ்சம்? இதை எழுதவே கூசுகிறது.

இப்போது அந்த லைன் இல்லை. இடித்துத் தள்ளிவிட்டார்கள். கடைசியாகக் காலி செய்தவள் செல்விதான். இப்போது அதே மலையில் கம்போங் ராஜாவில் தன் மகன் வீட்டில் இருக்கிறாள். எங்கள் லைனை எந்த ஓவியனும் வரைந்து வைக்கவில்லை. யாராவது மறுபடி கட்ட வந்தால் ஆணி ஆணியாக என்னால் சொல்ல முடியும். அடைபட்டுக் கிடந்தவளுக்கு வீடு மறக்குமா?

வார்சாவிலிருந்து செல்வியை வீடியோவில் கூப்பிட்டு அந்தச் சுவரைக் காட்டினேன். "நம்ம மூல மாதிரியே இல்ல? நான் போனதும் வெள்ள அடிச்சு மூடியிருப்பியே."

அவள் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சுவரைப் பார்த்தாள்.

"இல்லக்கா. நீ போனப்பறம் நாந்தான் அங்க படுத்தேன். ரெண்டு மாசந்தானேன்னு நானும் அடிக்கல. ஒடைக்கிற அன்னிக்கும் அது அப்படியேதான் இருந்துச்சு."