கடலுக்கு முதுகு காட்டாதவர்

நான் வேலை செய்யும் பாசிக்குடா ஹோட்டலில் இன்று விருந்தினருக்காகப் புது டென்னிஸ் பந்து டின்னைத் திறந்தபோது எழுந்த ரப்பர் வாசம், குமார் அண்ணன் பந்து போட ஓடிவரும் அந்த ஓட்டத்துக்கே என்னைக் கொண்டுபோனது. இப்போது இந்த ஹோட்டல் வேலிக்கு அப்பாலாகிவிட்ட கரையில்தான், அலை விட்டுப்போன இறுகிய ஈரமணலில், நாங்கள் கம்புகளை நட்டுக் கிரிக்கெட் விளையாடினோம். தோணியிலிருந்து இறங்கிய கையோடு அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்று ஓட்டத்தைத் தொடங்கி, மடித்துக் கட்டிய சாரம் சளக் சளக்கென்று அடிக்க வந்து நனைந்த பந்தை விடுவார், அது மணலில் பட்டதும் வழுக்கிக்கொண்டு போய்க் கம்பைச் சாய்க்கும். அவரை ஏற்றிப்போக மட்டக்களப்பிலிருந்து கிரிக்கெட் கழகக்காரர், இராணுவச் சோதனைச்சாவடிகளையெல்லாம் தாண்டி, மோட்டார் சைக்கிளில் வருவார்கள்.

சுனாமி அவருடைய மனைவியையும் மகளையும் கொண்டுபோன பிறகு, அவரால் கடலுக்கு முதுகு காட்டி ஓடிவர முடியவில்லை.

"போடுங்கண்ணே" என்று கத்துவோம்.

"பொறுங்கடா, பின்னால என்ன வருது எண்டு பாத்திட்டு வாறன்" என்பார்.

கடலைப் பார்த்து ஓடிவரும்படி முனையை மாற்றிக் கொடுத்தோம். அப்போது அவர் கண் கம்பில் இல்லை, அதற்கு அப்பால் கடலில் இருந்தது; பந்தும் அங்கேயே போனது. ஒருவரும் வைட் சொல்லவில்லை.

பிறகு சண்டை முடிந்து ஹோட்டல்கள் வந்தன.

இன்று விருந்தினர் அடித்த பந்தொன்று வேலி தாண்டிக் கரையில் விழுந்தது. அங்கே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த குமார் அண்ணன்தான் எடுத்தார்.

"எறியுங்கண்ணே" என்றேன்.

அவர் எறியவில்லை. கடலைப் பார்த்தபடியே பின்னுக்குப் பின்னுக்கு நடந்து வந்து, திரும்பாமலே கையை வேலிக்குள் நீட்டினார்.