ஆறாம் வகுப்பு வாசலில் போட்ட சாக்கு

கண்ணுங்களா, பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டிவிட்ட கதை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சபிஹா எனக்கு அடுத்த வீடு. அது நடந்த அன்று சாயங்காலம், அவள் கையில் காப்பி டம்ளரைக் கொடுத்தவள் நான். இரவு வந்தால்தான் பேய் வரும் என்று நினைக்கிறீர்கள் இல்லையா? இது பட்டப்பகலில் நடந்தது.

மயிலாடுதுறையிலிருந்து கிழக்கே போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர் இங்கிலீஷ் ஸ்கூல். சவூதியிலிருந்து திரும்பிய ஹாஜா மைதீன், மூடிப்போன அரிசி மில்லை வாங்கி, நெல் காயப்போட்ட களத்தில் கொட்டகை போட்டு எண்பத்தி நாலில் ஆரம்பித்தது. வீட்டுக்கு ஒரு ஆண் வளைகுடாவில் இருந்த காலம். அங்கிருந்து பணம் வந்தது. பிள்ளை இங்கிலீஷ் பேச வேண்டும் என்ற ஆசையும் கூடவே வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் கொட்டகை கட்டடமாகி, பத்தாம் வகுப்பு வந்து, ஆண்டுவிழா, பேண்டு வாத்தியம், விளையாட்டுக் கோப்பை எல்லாம் வந்துவிட்டன. மாறாதது ஒரே ஒரு சட்டம். கேட்டைத் தாண்டினால் தமிழ் கூடாது. பேசினால், 'நான் தமிழ் பேசினேன்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள்.

சபிஹா அங்கே புதிதாகச் சேர்ந்த டீச்சர். அவள் கணவன் உபைதுல்லா ஷார்ஜாவில் வேலை போய் அறையில் முடங்கிக் கிடந்தான். இவள் வேலை நிலைத்தால்தான் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஹஃப்ஸாவுக்கு அந்த ஸ்கூலில் படிப்பு.

அது ஐப்பசி. ஆனால் அன்றைக்கு மழை இல்லை. ஆண்டுவிழாவுக்கு ஒத்திகை. துபாயிலிருந்து பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். காலையிலேயே ஹாஜா மைதீன் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"டீச்சர், விருந்தாளிங்க அடுத்த ரூம்லதான் இருப்பாங்க. உங்க வகுப்புலேர்ந்து ஒரு தமிழ் வார்த்தை காதுல விழுந்தா, நாளைக்கு நீங்க வர வேண்டாம். நாகம்மா, நீங்களும்தான்."

பெருக்கிக்கொண்டிருந்த ஆயா நாகம்மாள் நிமிர்ந்தாள். "நான் வாயே தொறக்கலைங்க. வெளக்குமாறு பேசுறதுதான் என் பாஷை."

சபிஹாவுக்குச் சிரிப்பு வந்தது. நாகம்மாள் சிரிக்கவில்லை. ஆறாம் வகுப்பு வாசலில் ஒரு சாக்கை விரித்தாள்.

"மழையே இல்லையே ஆயா?"

"கெடக்கட்டும் டீச்சரம்மா."

மத்தியானம் இரண்டேகால் இருக்கும். சபிஹாவின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்று பாட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பத்துப் பதினோரு வயது. எல்லோருக்கும் நீலப் பாவாடை; இவளுக்கு அரக்கு. காலில் ஷூ இல்லை. பாவாடை ஓரம் நனைந்திருந்தது. நாடகத்துக்கு வேஷம் போட்ட பிள்ளை என்று சபிஹா நினைத்தாள். கழுத்தில் அட்டை தொங்கியது.

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"எஸ்? ஸ்பீக் இன் இங்கிலீஷ்" என்றாள் சபிஹா.

அவள் சபிஹாவையே பார்த்தாள். பிறகு போய்விட்டாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஒன்றுகூட வாசல் பக்கம் திரும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தாள். இப்போது இடுப்பு வரை ஈரம். அட்டையில் எழுத்து கரைந்து மை வழிந்திருந்தது.

சொட்... சொட்... சாக்கில் தண்ணீர் விழும் சத்தம்.

அடுத்த அறையில் ஹாஜா மைதீன் கனைத்தார்.

"இன் இங்கிலீஷ்" என்றாள் சபிஹா, இன்னும் மெல்ல.

போய்விட்டாள்.

மூன்றாம் தரம்...

தலையெல்லாம் தண்ணீர். முடியில் பாசி. உதடு நீலம். கண்ணில் அழுகைகூட இல்லை.

சபிஹா வாசலுக்கே போனாள். வேலை போனால் போகட்டும்.

"என்னம்மா வேணும்? தமிழ்லயே சொல்லும்மா..."

"டீச்சர், கொளத்துல பாப்பா விழுந்துட்டா."

ஓடினாள்.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் மில் காலத்துக் குளம். பந்தல்கால் ஏற்றி வந்த வண்டிக்காகப் பின்சுவர்க் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

நடுக்குளத்தில் ஒரு சின்ன முகம்.

ஹஃப்ஸா.

பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஆனாலும் முகம் மட்டும் தண்ணீருக்கு மேலே, அசையாமல்...

சபிஹா குதித்தாள். கொண்டுவந்துவிட்டாள். பிள்ளை பிழைத்தது, கண்ணுங்களா. மூச்சு விடுங்கள்.

வேலையும் போகவில்லை. அன்று அவள் பேசிய தமிழைப் பற்றி ஹாஜா மைதீன் வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் போர்வைக்குள்ளிருந்து ஹஃப்ஸா சொன்னாள்.

"அம்மா, அந்த அக்கா கீழேர்ந்து என்னைத் தூக்கிப் பிடிச்சிருந்தாங்க. உங்கம்மாட்ட சொல்லிட்டு வர்றேன்னு போனாங்க. அவங்க போறப்பல்லாம் நான் முங்கிட்டேன்."

"திரும்பி வந்து என்ன சொன்னாங்க?"

"உங்கம்மா இங்கிலீஷ்ல சொல்லச் சொல்றாங்க, எனக்குத் தெரியலையேன்னாங்க."

சபிஹா மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் கொடுத்த காப்பி ஆறிப்போனது.

மறுநாள் காலை நாகம்மாளைப் பிடித்துக்கொண்டாள்.

"அரக்குப் பாவாடை யாருக்கு ஆயா?"

நாகம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "மொத வருஷத்து யூனிபார்ம். பஞ்சநதம் மக ஜெயபாரதி. அட்டை மாட்டிவிட்டாங்கன்னு அழுதுகிட்டே தனியா கொளத்துப் பக்கம் போயிடுச்சு. அட்டையோடதான் எடுத்தோம்."

"டீச்சர்கிட்ட யாரும் வந்து சொல்லலையா?"

"ஒரு புள்ள ஈரத்தோட இதே வாசல்ல வந்து நின்னுச்சாம். இங்கிலீஷ்ல சொல்லுன்னாங்களாம். மூணு தரம் வந்துச்சாம். மூணு தரமும் அதேதான் சொன்னாங்களாம்."

"யாரு அந்தப் புள்ள?"

"அதேதான் டீச்சரம்மா. ஜெயபாரதி. மூணாந்தரம் அது வாசல்ல நின்னப்ப, நாங்க அதைக் கரையில போட்டு, துணியால மூடியாச்சு."

சொல்லிவிட்டு நாகம்மாள் குனிந்தாள். ஆறாம் வகுப்பு வாசலில் கிடந்த சாக்கை எடுத்து, காய்ந்த சாக்கு ஒன்றை விரித்தாள். முந்தின நாள் சாயங்காலமும் மாற்றியிருந்தாளாம். பன்னிரண்டு வருஷமாக மாற்றுகிறாளாம்.

எடுத்த சாக்கை முற்றத்தில் வைத்துப் பிழிந்தாள்.

தண்ணீர் கொட்டியது.