சூளகிரிச் சாலையில் ஒரு பிடி மாவு

காலை ஐந்தரை மணிக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து புறப்பட்டோம். 1956, வைகாசி மாதம், மாம்பழ வரத்து உச்சத்தில் இருந்த வாரம். ஓசூருக்கு முப்பத்திரண்டு மைல், அங்கிருந்து பெங்களூருக்கு இருபத்தைந்து. மதியம் பன்னிரண்டுக்குள் பழம் சந்தையில் இறங்க வேண்டும். வண்டியில் நூற்றிருபது கூடை, அடியில் பெங்களூரா ரகம், மேலே செந்தூரா. வைக்கோல் போட்டுத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தோம். அப்படியும் வாசனை முன்பக்கம் வரை வந்தது.

வண்டி யுத்தம் முடிந்து ராணுவம் ஏலத்தில் விட்டது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றை ஏற்றியிருந்தோம். செல்ஃப் ஸ்டார்ட்டர் எப்போதோ செத்துவிட்டது. அதனால் எங்கே நிறுத்தினாலும் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். சக்கரத்துக்கு அடியில் வைத்த கல்லை எடுத்து, வண்டி உருளும்போது இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் ஒரு இருமல், ஒரு கரும்புகை, பிறகு அந்தத் தடதடப்பு. தொண்ணூறைத் தாண்டிவிட்டேன். இன்றும் அந்தச் சத்தத்தைத் தனியே பிரித்துச் சொல்வேன்.

ஓட்டியவர் முனியப்பன். கெலமங்கலத்துக்காரர், நாற்பத்தைந்து வயது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வாய் ஓயாதவர். எனக்கு இருபத்து நான்கு. பள்ளி இறுதி வரை படித்து, பிறகு தொழிற்பள்ளியில் எஞ்சின் வேலை கற்று, முதலாளியின் ஷெட்டில் மேஸ்திரியாக இருந்தேன். எஞ்சினைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். அதனால் அவருக்கு நான் 'படிச்ச மேஸ்திரி'.

அந்தப் பயணத்தில் ஒரு பரீட்சை இருந்தது. முதலாளி புது டீசல் லாரி ஒன்று வாங்கியிருந்தார். பெயின்ட் மணம் மாறாமல் ஷெட்டில் நின்றது. பழைய வண்டியை மாம்பழத்தோடு நேரத்துக்குக் கொண்டு சேர்த்தால் புது வண்டி முனியப்பனுக்கு. தவறினால் சேலத்திலிருந்து வந்திருந்த இன்னொரு டிரைவருக்கு. போய்வந்து நடந்ததைச் சொல்ல வேண்டியவன் நான்.

"ஆவணியில பொண்ணு கல்யாணம், மேஸ்திரி. மாப்பிள்ளைக்கு ஊரு கல்லாவி" என்றார் முனியப்பன், ஊர் எல்லை தாண்டியதும். "புது வண்டியில வாழமரம் கட்டி உன்னை கூட்டிட்டுப் போறேன்னு அதுகிட்ட வாக்கு குடுத்திருக்கறேன். இந்தக் கெழட்டு வண்டியில போனா பொண்ணு வர்றதுக்கு மின்னாடி பொகைதான் போயி நிக்கும்."

"எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவாதுங்கண்ணா. நான் இருக்கறேன்ல."

"அதான் பயமா இருக்குது" என்றார்.

ஆறேகால் மணிக்குக் குருபரப்பள்ளி தாண்டி எஞ்சின் தயங்கியது. டீசல் குழாயில் காற்று. நான் இறங்கி, பம்பின் திருகைத் தளர்த்தி, நுரை போய்ச் சுத்தமான டீசல் வரும் வரை கையால் அடித்தேன். பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். "புத்தகம் வேல செய்யுது" என்றார். அந்தப் பாராட்டில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

ஏழே முக்காலுக்குச் சூளகிரி. ஊரின் மலை இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்க்கும் நிலையில் நான் இல்லை. ரேடியேட்டரின் அடியில் தையல் விட்டுத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ராஜம்மாவின் களிக்கடைக்கு முன்னால், வழக்கம்போல் இறக்கம் பார்த்து நிறுத்தினோம். டீ அரையணா, களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் இரண்டணா. ராஜம்மா முனியப்பனிடம் தெலுங்கில் நலம் விசாரித்துவிட்டு, ஒழுகும் தண்ணீரைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார்.

"ஏம்ப்பா முனியப்பா, வண்டிக்கு வயசானா இப்படித்தான் நின்ன எடத்துல விடுமா?"

"கிண்டல் அப்புறம் பண்ணு தாயி. மாவு குடு."

இந்த மாவு வைத்தியத்தை வெளியூர்க்காரர்கள் அறிய மாட்டார்கள். எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி கேழ்வரகு மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, துண்டில் வடிகட்டி உள்ளே ஊற்றுவார்கள். சூட்டில் மாவு வெந்து, ஒழுகும் இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். அரிசி மாவும் கோதுமை மாவும் இப்படி நிற்பதில்லை என்பது அவர்கள் துணிபு.

ராஜம்மா ஓர் அரைப்படி நிறைய மாவைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "ஒரு புடி போதும். மிச்சத்தைத் திருப்பிக் குடு, சாமி" என்றார். முனியப்பனும் அதையே சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனார்.

நான் ரேடியேட்டரின் கொள்ளளவை யோசித்தேன். ஐந்து காலன் தண்ணீருக்கு ஒரு பிடி மாவு எந்த மூலைக்கு? புத்தகத்தில் இல்லாத விஷயத்துக்கும் புத்தகத்து மூளையைச் செலுத்தினேன். கரைக்கவில்லை, வடிகட்டவில்லை. அரைப்படி மாவையும் அப்படியே உள்ளே கொட்டி, குச்சியால் தள்ளிவிட்டேன். காலிப் படியைக் கடைப் பலகையில் கவிழ்த்து வைத்தேன்.

ஒழுகல் நின்றது! கால் மணியில் சொட்டுக்கூட இல்லை. முனியப்பன் குனிந்து பார்த்துவிட்டு என் முதுகில் ஓங்கித் தட்டினார். "என்னா வேணும் கேளு, மேஸ்திரி."

என்ன கேட்டிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்ததுதான். மேஸ்திரி ஸ்டீயரிங்கைத் தொட்டால் தொட்டவனுக்கும் கொடுத்தவனுக்கும் வேலை இல்லை என்பது முதலாளியின் சட்டம். முனியப்பன் சாலையை இருபுறமும் பார்த்தார். கல்லை எடுத்துவிட்டு இடப்பக்கம் ஏறிக்கொண்டார்.

எட்டரை மணி முதல் ஒன்பதரை மணி வரை நான் ஓட்டினேன். என் ஆயுளில் பல ஊர்களுக்குப் போயிருக்கிறேன், விமானத்தில்கூட. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக ஒன்றும் இல்லை. ஸ்டீயரிங் பாறைபோல் கனத்தது. கியர் மாற்ற இரண்டு முறை கிளட்சை மிதிக்க வேண்டும், நடுவில் எஞ்சின் சத்தம் சரியான இடத்துக்கு இறங்கும் வரை காது கொடுக்க வேண்டும். முதல் மூன்று தடவை பற்கள் உரசி அலறின.

"பல்லு வெளக்குறியா, கியர் போடுறியா?" என்றார்.

நான்காம் தடவை வெண்ணெயாக விழுந்தது. நான் கத்தியே விட்டேன். இருபுறமும் உழுது போட்ட சிவப்பு மண், புளியமரங்கள், எதிரே வந்த ராயக்கோட்டைத் தக்காளி வண்டிக்காரர்களின் கையசைப்பு. சாலை ஏற ஏறக் காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. முனியப்பன் கன்னடத்தில் ஏதோ பாட்டை இழுத்தார். வெப்பமானி முள் வருடக்கணக்காகச் சுழியில் நின்றது. அவர் ஓட்டும்போது பத்து மைலுக்கொரு தரம் இறங்கிப் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். நான் நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்ற பயம்.

பேரண்டப்பள்ளிக்கு அருகே, ஓசூருக்கு நான்கு மைல் இருக்கும்போது, முனியப்பன் பாட்டை நிறுத்தி மூக்கை உறிஞ்சினார்.

"யாரோ களியைத் தீய வுட்டுட்டாங்க."

சுற்றிலும் வீடே இல்லை. அடுத்த நொடி பானெட்டிலிருந்து வெள்ளை ஆவி சீறியது. எஞ்சின் இரண்டு முறை உதறி நின்றது.

எஞ்சினின் தலைமூடிக்கு அடியில் இருக்கும் தகடு, ஹெட் கேஸ்கெட், போய்விட்டது. நல்லவேளையாகப் புதிய கேஸ்கெட் ஒன்றை நான் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். எச்சரிக்கைக்குப் புளியங்கொப்பு ஒடித்துச் சாலையில் போட்டோம். நின்ற வண்டியைத் தாண்டி லாரி போகாத காலம் அது. அரை மணியில் மூன்று லாரிகள் ஓரங்கட்டின. பத்துக் கைகள் சேர்ந்து நட்டுகளைக் கழற்றின. ஹெட்டைத் தூக்கிப் புரட்டியபோது, தண்ணீர் ஓடும் துளை ஒவ்வொன்றிலும் பழுப்பாக, கெட்டியாக, பதமாக வெந்த களி.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு சிரிப்பு வெடித்தது.

"குழம்பு எங்கப்பா?" என்றார் ஒரு டிரைவர்.

"உப்பு பத்தல" என்றார் இன்னொருவர், உண்மையிலேயே விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு.

முனியப்பனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"எத்தனை புடி போட்ட, மேஸ்திரி?"

"ஒண்ணுதாங்கண்ணா."

டீசலும் கரியும் அப்பியிருந்த என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கையிலயா?" என்றார். கையை விட்டுவிட்டு வண்டிப் பக்கம் திரும்பிப் போனார்.

பக்கத்து வயல் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தார் ஒரு விவசாயி. எங்கள் ரேடியேட்டரைத் தன் வாய்க்காலில் தலைகீழாக வைத்து, வந்த தண்ணீரை எல்லாம் அதற்குள் திருப்பினார். களி கட்டி கட்டியாக வெளியே வந்து அவருடைய கத்தரிப் பாத்திக்குப் போயிற்று. "இந்த வருசம் கத்தரிக்கா குண்டா காய்க்கும்" என்றார். நாங்கள் ஹெட்டின் துளைகளைக் கம்பியாலும் வேப்பங்குச்சியாலும் குடைந்தோம். தளத்தைச் சுரண்டித் துடைத்து, கேஸ்கெட் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு நட்டாக மூன்று சுற்று முறுக்கினேன். கை என்னவோ தவறில்லாமல்தான் வேலை செய்தது. ஒரு கூடை செந்தூராவை முனியப்பன் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார். வாய்க்கால் மேட்டில் வரிசையாக உட்கார்ந்து, முழங்கை வரை சாறு ஒழுகத் தின்றோம். நேரம் போய்விட்டது என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த மதியம் எங்களால் சந்தோஷப்படாமல் இருக்க முடியவில்லை.

மூன்று மணிக்கு எல்லோரும் தள்ள, எஞ்சின் ஒரே இருமலில் பிடித்தது. வயலில் மாடுகள் மிரண்டன. கைதட்டினார்கள். நாலேகாலுக்கு அத்திப்பள்ளி எல்லைத் தடுப்பு. ஆறு மணிக்குப் பெங்களூர். சந்தையில் கூடை தூக்கும் ஆட்கள்கூட வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

மறுநாள் கிருஷ்ணகிரியில் முதலாளி எங்களை ஷெட்டில் நிறுத்தினார். பின்னால் புது லாரி. களிக் கதை லாரிக்காரர்கள் வாய் வழியாக எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

"மாவு போட்டது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் முனியப்பன், "நானுங்க" என்றார்.

"வண்டி?"

"என் கையிலதானுங்க இருந்துச்சு."

உண்மை வெளிவந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும், தான் ஏற்றுக்கொண்டால் புது வண்டி மட்டும் போகும். அவர் போட்ட கணக்கு இதுதான் என்று பிறகு புரிந்தது. முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"நீ படிச்சவன். பொய் சொல்ல மாட்ட. அப்படித்தானா?"

"ஆமாங்க" என்றேன்.

அந்த ஒரு சொல்லைத்தான் இத்தனை வருடம் சுமந்திருக்கிறேன். புது வண்டிச் சாவி சேலத்து டிரைவரிடம் போயிற்று.

கல்யாணத்துக்கு முன் இருபது நாள் பழைய எஞ்சினை விட்டு நான் அகலவில்லை. இன்ஜெக்டர் ஆறையும் கழற்றிச் சுத்தம் செய்தேன், வால்வுகளை அரைத்து உட்கார வைத்தேன், பம்பின் நேரத்தை மறுபடி மறுபடி பார்த்துப் பொருத்தினேன். வேறு எப்படிக் கடனை அடைப்பது என்று தெரியவில்லை, வாயைத் திறக்கும் ஒரு வழியைத் தவிர.

ஆவணியில் கெலமங்கலத்திலிருந்து கல்லாவிக்குக் கிளம்பினோம். வண்டியின் இரு புறமும் வாழைமரம், பானெட்டில் சாமந்தி மாலை, பின்னால் ஐம்பது பேர், மேளம். என்னை முன்பக்கம் தன் அருகே உட்காரச் சொன்னார் முனியப்பன். ஊத்தங்கரை தாண்டிக் கல்லாவிக்குள் நுழைந்தபோது அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார். புகை இல்லை. மாப்பிள்ளை வீட்டார் முதலில் பார்த்தது பெண்ணைத்தான். அவர் ஹாரனை ஊர் முடியும் வரை அழுத்தினார். மணப்பெண் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தது.

மறுநாள் காலை, வண்டிக்காரர்களுக்கென்று தனியாகக் களி கிண்டியிருந்தார்கள். முனியப்பனே பரிமாறினார். என் இலைக்கு வந்ததும் கரண்டியை நிறுத்தினார்.

"மேஸ்திரிக்கு ஒரு புடி போதுமா, அரைப்படி வேணுமா?"

பந்தியில் யாருக்கும் விளங்கவில்லை. காலிப் படியைப் பற்றி ராஜம்மா அவரிடம் எப்போதோ சொல்லியிருக்கிறார். இலையைப் பார்த்துக்கொண்டே, "ஒரு புடி போதுங்கண்ணா" என்றேன். பெரிய உருண்டையாக வைத்து, குழம்பைத் தாராளமாக ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். அன்று சாப்பிட்ட களியைப்போல ருசியான களியை நான் பிறகு தின்றதில்லை. அதுதான் வேதனை.

இன்று ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் மகன் வீட்டில் இருக்கிறேன். நாங்கள் காலை முதல் மாலை வரை ஊர்ந்த சாலையில் லாரிகள் சத்தமே இல்லாமல் பறக்கின்றன. ஒன்று நின்றாலும் இன்னொன்று நிற்பதில்லை, நிற்க வேண்டிய தேவையும் இல்லை. போன மாதம் பேரன் காரில் பேரண்டப்பள்ளி வழியாக அழைத்துப் போனான். நிறுத்தச் சொன்னேன். கவலைக் கிணறு இருந்த இடத்தில் ஒரு கிடங்கு. "இங்க என்ன தாத்தா?" என்றான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய்தான்.

முனியப்பன் போய் நாற்பது வருடம் ஆகிறது. கேட்டது அவர். பதிலை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

அரைப்படி, அண்ணா. முழுசாக. வண்டியும் என் கையில்தான் இருந்தது.