வீடு பார்க்காத சம்பந்தம்

ஆக்லாந்தில் நான் நர்சாக இருக்கும் முதியோர் இல்லத்தில் யாரும் யாரிடமும் சம்பளம் கேட்பதில்லை. கணவனை எப்படிச் சந்தித்தாய் என்று மட்டும் கூசாமல் கேட்கிறார்கள். "ஓர் அருவிக்கரையில்" என்றேன். "ரொமான்டிக்!" என்றாள் உடன் வேலை பார்க்கும் ஜேன். கூடப் பதினான்கு பேர் இருந்ததைச் சொன்னேன். கல்யாணமே அங்கேதான் நடந்தது என்று எடுத்துக்கொண்டு வாழ்த்தினாள்.

நடந்தது வேறு. இலத்தூரில் எங்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை, அதுவும் வாடகைக்கு. அப்பா தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுத்துப்போடுகிறவர். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் என்னைவிடக் கூரையைத்தான் அதிகம் பார்த்தார்கள். "ஊருக்குப் போய்ச் சொல்லி விடுதோம்" என்று கேசரியை முடித்துக்கொண்டு போனவர்கள், சொல்லி விடவே இல்லை. அம்மா மூன்று நாள் தெருக்குழாய்ப் பக்கமே போகவில்லை. என் நர்சிங் படிப்பு ஒருவர் கண்ணிலும் படவில்லையே என்று எனக்கு ஆத்திரம். மூன்றாவது வரனுக்குக் குற்றாலம் என்று முடிவானது. சீசனில் சாரல் பார்க்க வந்ததுபோல இரு வீட்டாரும் தற்செயலாகச் சந்திப்பது எங்கள் பக்கம் உண்டு. பிடிக்காவிட்டால் யாருக்கும் மரியாதைக் குறைச்சல் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் காரில் வந்து இறங்கினார்கள். ஆண்கள் எல்லோரும் குளித்தார்கள். நான் மட்டும் பட்டுப்புடவை நனையாமல் ஓரமாக நிற்க வேண்டும். "ஏட்டி, வீட்டப் பத்திக் கேட்டா வாயத் தொறக்காத. சித்தப்பா பேசிக்கிடுவாக" என்றாள் அம்மா.

பழக்கடைவரை போய்வரச் சொல்லி என்னையும் மாப்பிள்ளையையும் அனுப்பினார்கள். மங்குஸ்தான் பொறுக்கிக்கொண்டிருந்தவரிடம் சொல்லிவிட்டேன்.

"எங்க வீடு ஒரே ரூம்தான், வாடகை. அத மறைக்கத்தான் இங்கன கூட்டிட்டு வந்திருக்காக. கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவேன்."

போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்தேன். அவர் பழத்தைக் கீழே வைத்தார்.

"அந்தக் காரு எங்க மொதலாளி காரு. எங்க வீடும் வாடகதான். நாங்க உங்க வீட்டுக்கு வந்தா, மாப்ள வீடு பாக்க நீங்களும் வருவீங்கள்லா? அதுக்குப் பயந்துதான் அம்மா குத்தாலம்னு சொன்னா. வேலைக்குத் தாராளமாப் போங்க."

அப்படி ஒரு நிம்மதி எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. சிரிப்பு அடங்காமல் பெண்கள் பக்கம் போய், பட்டுப்புடவையோடு அருவியில் நின்றுவிட்டேன். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

என் வேலையைப் பிடித்துக்கொண்டு இருவரும் இங்கே வந்து ஒன்பது வருடம். சமையல் அவர் பொறுப்பு. ஊரிலிருந்து போன் வந்தால் மட்டும் நான் சமைத்ததாகச் சொல்லிக்கொள்கிறோம். வீடு இப்போது சொந்தம். இருந்தும் யாராவது வீட்டுக்கு வரட்டுமா என்றால், கடற்கரையில் சந்திக்கலாமே என்று வாய் முந்திக்கொள்கிறது. போன வாரம் பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சரி என்றுவிட்டார். கதவைத் திறந்ததும், அந்த அம்மாள் முதலில் எதைப் பார்க்கிறார் என்றுதான் பார்த்தேன். என்னைத்தான் பார்த்தார். ஆனாலும் அவர் காபி குடித்துக் கிளம்பும்வரை, என்ன சொல்லிவிட்டுப் போவாரோ என்று பாதி மனசு இலத்தூர் வாசலிலேயே நின்றது.