முன்னால் போன சைக்கிள்

துலுக்கானம் ஜெயித்ததைச் சொல்ல ஆரம்பித்தால் நிறைய இருக்கிறது. பதின்மூன்று வயதில் கட்டுவிரியன் கடித்தும் பிழைத்தான். மாடு மேய்த்த கையோடு சென்னையை ஒட்டிய பாடியில் ஒரு பட்டறைக்குப் போய், யாரும் சொல்லிக் கொடுக்காமல் பார்த்துப் பார்த்தே இரும்பு கடையும் லேத் ஓட்டக் கற்றான். கொரட்டூர் பொங்கல் விளையாட்டில், மெதுவாக ஓட்டும் சைக்கிள் பந்தயத்தில் இரண்டு வருடம் தொடர்ந்து முதல் பரிசு. அந்த இரண்டு எவர்சில்வர் குடங்களும் இன்னும் வீட்டில் இருக்கின்றன. பெண் தர மாட்டேன் என்று மூன்று வருடம் முறுக்கிக்கொண்டிருந்த மாமனாரை மடக்கிப் பொன்னியம்மாவைக் கட்டினான். அவர்கள் வம்சத்தில் சொந்தமாக மனை வாங்கிய முதல் ஆளும் அவன்தான், அதுவும் திருநின்றவூரில், ரயிலடிக்குப் பக்கமாக.

படிப்பு மட்டும் வரவில்லை. வர விடவில்லை என்பதுதான் சரி. அப்பா செத்ததும், வீட்டில் ஒருவர்தான் பள்ளிக்கூடம் போகலாம் என்றானது. அக்கா சொர்ணம் ஐந்தாவது வரை போனாள். துலுக்கானம் எருமைகளோடு போனான். அவனுக்கு எழுத்துத் தெரியாது என்பது அக்காவுக்கும் பொன்னியம்மாவுக்கும் மட்டுமே தெரியும். பட்டறையில் கூலியைக் கையில் கொடுத்துவிடுவார்கள், கையெழுத்துக் கேட்பதில்லை. டீக்கடையில் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிரித்து வைத்துக்கொண்டு, பக்கத்து ஆள் பேசுவதற்கெல்லாம் "ஆமா, போட்டுக்கீறான்" என்பான்.

சனிக்கிழமை சாயங்காலம் பட்டறை விட்டதும் ஐந்து பேர் சைக்கிளில் கிளம்புவார்கள். அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் தாண்டி, திருநின்றவூர் ஏரிக்கரை வழியாகப் போனால் பனந்தோப்புக்குள் ஒரு கள்ளுக்கடை. வாரம் முழுக்க இரும்புத்தூள் தின்ற தொண்டைக்கு அந்த மொந்தைக் கள்ளும், வறுத்த ஏரி மீனும். பூந்தமல்லிக்கார ஷஃபியுல்லா கள்ளைத் தொடமாட்டான். மீனுக்காகவும் வாயடிக்கவும் வருவான்.

பட்டாபிராம் தாண்டும்போது இருட்டிவிடும். ஐந்து வண்டியில் டைனமோ விளக்கு இருந்தது துலுக்கானத்தின் வண்டியில் மட்டும். அதனால் அவன்தான் முன்னால் போவான். யாரும் அவனை முந்தக் கூடாது. அவன் வளைந்தால் வளைவார்கள், நின்றால் நிற்பார்கள். அவனுக்கு நேர் பின்னால் எப்போதும் கன்னியப்பன். பட்டறையில் பக்கத்து லேத், சாப்பாட்டில் பாதி பங்கு.

எண்பத்தைந்தில், மழை விட்ட ஒரு சனிக்கிழமை.

"நைனா, அந்த மெதுவா ஓட்ற வித்தைய இங்க காட்டாத. மீன் தீந்துடும்" என்று பின்னாலிருந்து ஷஃபியுல்லா கத்தினான்.

"உனுக்கு மீனு, எனக்கு மொந்தை. அழுத்துடா துலுக்கானம்!" என்றான் கன்னியப்பன்.

ஏரிக்கரை தொடங்கும் இடத்தில் புதிதாக ஒரு பலகை நின்றது. வெள்ளைப் பலகை, சிவப்பு எழுத்து. விளக்கு வெளிச்சம் அதன்மேல் நன்றாகவே விழுந்தது. அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் எங்கே பார்த்தாலும் மனை விற்பனைப் பலகைதான், எல்லாம் சிவப்பு எழுத்துதான். இதுவும் அதுதான் என்று துலுக்கானம் நினைத்தான். ஒரு கணம் நின்று கேட்கலாமா என்று தோன்றாமல் இல்லை. கேட்டால் தெரிந்துபோகும். அழுத்தினான்.

ஏரி மதகைப் பழுது பார்க்கக் கரையை வெட்டிப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பலகை சொன்னது அதைத்தான். கடைசி நேரத்தில் பள்ளத்தைப் பார்த்துப் பிரேக் பிடித்தவன், ஓரத்தில் இருந்த ஒற்றையடி மண்ணில் கால் ஊன்றாமல் வண்டியை ஒடித்துத் தாண்டிவிட்டான். ஆனால் வேகம் குறைந்தால் டைனமோ விளக்கு மங்கிவிடும். சரியாக அந்த இடத்தில் அது மங்கியது. அதை நம்பி வந்த கன்னியப்பன் இருட்டுக்குள் நேராக இறங்கினான்.

சத்தம் கேட்டுத் தோப்பிலிருந்து பெட்ரோமாக்ஸோடு ஓடி வந்தார்கள். கள்ளுக்கடை பெஞ்சில் வைத்துத்தான் கன்னியப்பனைத் தூக்கிப் போனார்கள். வலது முட்டி நொறுங்கியிருந்தது. எலும்பு கூடியது, முட்டி மடங்கவில்லை. லேத் முன்னால் நிற்க முடியாமல் வேலையை விட்டான்.

யாரும் துலுக்கானத்தைக் குறை சொல்லவில்லை. "இருட்டுல எவன்டா போர்டப் பாத்தான்" என்று கன்னியப்பனே சொன்னான். அந்த வார்த்தைதான் துலுக்கானத்தைச் சோறு இறங்கவிடாமல் செய்தது. அக்காவிடம் போய் உட்கார்ந்தான். "அவங்கிட்டயே சொல்லிடு. இல்லாங்காட்டி நீ தாங்கமாட்ட" என்றாள் சொர்ணம்.

போய்ச் சொன்னான். "போர்டப் பாத்தேன் மச்சான். எனக்குப் படிக்கத் தெரியாது."

கன்னியப்பன் முதலில் சிரித்தான். "அப்ப டீக்கடையில தெனம் பேப்பர வெச்சிக்கினு இன்னாடா பண்ண?"

"படம் பாத்தேன்."

சிரிப்பு நின்றது. நீட்டிக் கிடந்த காலைப் பார்த்துக்கொண்டே, "பின்னாலதானே வந்துகினு இருந்தேன். இன்னா எழுதிக்கீதுன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, நான் படிச்சி சொல்லியிருக்க மாட்டேனா?" என்றான்.

அதன்பிறகு சனிக்கிழமைப் பயணம் நின்றது. கள்ளுக்கடையையும் ஒருநாள் அரசாங்கம் மூடிவிட்டது. கன்னியப்பன் அம்பத்தூரில் பெட்டிக்கடை வைத்தான். துலுக்கானம் வேலை முடிந்து வரும்போது அங்கே வண்டியை நிறுத்தித் தீப்பெட்டி வாங்குவான். கன்னியப்பன் எடுத்துக் கொடுப்பான். பேச்சு அதோடு சரி. வீட்டில் தீப்பெட்டி குவிந்தது. பொன்னியம்மா அடுக்கி வைத்துக்கொண்டே வந்தாள்.

தொண்ணூற்றொன்றில் திருநின்றவூரில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு ஆரம்பித்தபோது, முதல் நாளே போய் உட்கார்ந்தவன் துலுக்கானம். லேத்தில் நூலிழை பிசகாத கைக்கு 'அ'வின் சுழி மாதக்கணக்கில் படியவில்லை. போகிற வழியிலெல்லாம் பலகைகளைப் படித்துக்கொண்டே போவான். ஏரிக்கரைப் பக்கம் மட்டும் போகமாட்டான்.

இரண்டு வருடம் கழித்து ஷஃபியுல்லா ஒரு சேதியோடு வந்தான். "அண்ணாத்தே, கன்னியப்பன் பொண்ணு கல்யாணத்த ரிஜிஸ்தர் பண்றாங்கோ. சாட்சிக்கு உன்னத்தான் இட்டார சொன்னான்."

"கிண்டலுக்கா கூப்புடறான்?"

"தெரியாது. நீ எழுதக் கத்துக்கினத நான் சொல்லிக்கீறேன். வந்து பாரு."

பதிவு அலுவலகத்தில் துலுக்கானத்தின் தயக்கத்தைப் பார்த்த குமாஸ்தா, கைநாட்டு வைக்கும் மை டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினார். பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த கன்னியப்பன் கைத்தடியால் தரையைத் தட்டினான்.

"அத்த அப்பால எடு சார். அவன் எழுதுவான்." பிறகு, எட்டு வருடத்துக்குப் பின் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்து, "மெதுவா எழுதுடா. எவனும் உன்ன முந்தப்போறதில்ல" என்றான்.

அந்தக் கால் மடங்கப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். துலுக்கானம் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதி முடித்தான். அன்று 1993 ஆகஸ்ட் 26, வியாழக்கிழமை.