பாதி வசனம்

படுவான்கரையில் மருத்துவமாதுவாக இருபது வருடம். கர்ப்பிணிகளிடம் ஒரே வசனத்தைச் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது: "டொக்டரைக் கேக்காம ஒரு குளிசையும் போடாதீங்க."

வெள்ளாமை வெட்டு நாளில், நாலு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வயல் வட்டைக்குள் வலிப்பு வந்து விழுந்தாள். நல்லவேளை, பிள்ளைக்கு ஒன்றுமில்லை. சிறுவயது முதல் போட்டுவந்த வலிப்புக் குளிசையை அவளாகவே நிறுத்தியிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று கத்தினேன்.

"ஆரைக் கேட்டு நிப்பாட்டினாய்?"

"நீங்கதானே மிஸ்ஸி சொன்னீங்க, ஒரு குளிசையும் போடப்படாதெண்டு."



அடுத்த கிளினிக்கில் மாற்றிச் சொல்ல வேண்டுமென்றுதான் எழுந்தேன். களைப்பில் பழைய வசனமே வந்தது. சொல்லிவிட்டு உட்காரப்போனேன்.

பின்வரிசை வாங்கிலிருந்து அவள் எழுந்தாள்.

"கேக்காம நிப்பாட்டவும் வேணாம்."