கடுக்காய்க் காலத்துப் புத்தகங்கள்

மலைப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு முதலில் வேண்டியது மூளை இல்லை, தோள்பட்டை. சாக்பீஸ் தூசியில் என்னோடு சேர்ந்து இருமிய சக வாத்தியார்களே, இதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. கல்வராயன் மலையில் எல்லா வகுப்புக்கும் நான் ஒருவனே வாத்தியாராக இருந்த காலத்தில் நடந்தவை இவை.

தலை எண்ண வந்தவர்

மறு வருஷத்துக்கு எத்தனை இலவசப் புத்தகம் வேண்டும் என்று பார்க்க, கள்ளக்குறிச்சியிலிருந்து அதிகாரி ஒருவர் மலையேறி வந்தார். வந்தது தை மாதம். அப்போதுதான் காட்டில் கடுக்காய் பொறுக்கும் காலம். வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு போவார்கள். வகுப்பில் பாதிப் பிள்ளைகள்கூட இல்லை. கடுக்காய் முடிந்ததும் வாருங்கள், வகுப்பு நிரம்பியிருக்கும் என்று கெஞ்சிப் பார்த்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இருக்கிற தலையத்தான் சார் எண்ண முடியும். மரத்துக்கு மரம் போயி எண்ணச் சொல்றீங்களா?"

பூனை குட்டி போட்ட அறை

ஜூனில் புத்தகக் கட்டு மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் வரை பஸ்ஸில் வந்தது. கடைசி ஏற்றத்துக்கு என் தோள்தான். பிரித்துப் பார்த்தால், அன்று எண்ணிய தலைகளுக்கு மட்டும்தான் புத்தகம். காட்டுக்குப் போயிருந்த தலைகளெல்லாம் இப்போது என் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டின.

மறுபடி கீழே இறங்கிப் புத்தகக் கிடங்குக்குப் போனேன். ஐந்தாம் வகுப்புப் புத்தகங்கள் சணல்கூடப் பிரிக்காமல் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. மேல் கட்டின்மீது ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. கிடங்கு குமாஸ்தா கெட்ட மனிதர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

"இருக்குது சார், இல்லன்னு சொல்லல. ஆனா இது வேற பள்ளிக்கூடத்து மிச்சம். உங்க பள்ளிக்கூடத்து மிச்சம் எதுனா இருந்தா சொல்லுங்க, இப்பவே எடுத்துத் தரேன்."

பலாப்பழ நியாயம்

ஐந்தாம் வகுப்பில் செவ்வந்திக்கும் வள்ளிக்கும் சேர்த்து ஒரே தமிழ்ப் புத்தகம். செவ்வந்தி விடுகிறவள் இல்லை. ஐந்தாவது தேறினால் விடுதிப் பள்ளியில் ஆறாவது சேரலாம், மூன்று வேளைச் சோறும் கிடைக்கும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு அட்டையைப் பிடித்து இழுத்து அழுதபோது, செவ்வந்தியின் அம்மா இடுப்பில் கொடுவாளோடு வந்து நின்றார். புத்தகத்தை இரண்டாக வகிர்ந்து, முன்பாதி தன் மகளுக்கு, பின்பாதி வள்ளிக்கு, அரைப் பரீட்சை முடிந்ததும் மாற்றிக்கொள்வது என்று அவரே தீர்ப்புச் சொன்னார். நான் தயங்கினேன்.

"ஒரு பலாப்பழம் ரெண்டு வூட்டுக்குன்னா வகுந்து குடுக்கிறதில்லயா சார்? பொஸ்தகத்த வகுந்தா இன்னா, அழுவிப்பூடுமா?"

சூளைக்குப் போன முன்பாதி

அரைப் பரீட்சைக்கு முன்பே, கார்த்திகையில், செவ்வந்தி வீட்டார் செங்கல் சூளை வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். அவள் பையில் முன்பாதியும் போனது. நான் பாதி வழிவரை கூடவே நடந்தேன். பெண்ணை மட்டும் விட்டுப் போங்கள், மதியச் சத்துணவு இருக்கிறது என்றேன். அவள் அப்பா மூட்டையை இறக்காமலே திரும்பினார்.

"ராத்திரிக்கு இன்னா சார் துன்னும்? ஞாயித்துக்கெழம உங்க ஸ்கூலு சோறு போடுதா?"

பாதி திரும்பி வந்தது

வள்ளி பின்பாதியை மட்டும் படித்துத் தட்டுத் தடுமாறித் தேறி, ஆறாவதுக்குப் போய்விட்டாள். பரீட்சை எழுதாத செவ்வந்தி ஜூனில் மீண்டும் ஐந்தாவதில் வந்து உட்கார்ந்தாள். உள்ளங்கை காய்ப்புக் காய்த்திருந்தது. சிமெண்டுப் பையின் காகிதத்தில் அட்டை போட்ட முன்பாதியை என் மேஜையில் வைத்தாள். ஓர் ஏடுகூடக் கிழியவில்லை. முதல் பாடத்திலிருந்து மனப்பாடமாக ஒப்பித்தாள்.

அந்த வருஷம் பாடத்திட்டம் மாறி, புதுப் புத்தகம் வந்திருந்தது. தலை எண்ணியது மட்டும் மாறவில்லை, அதே தை மாதம். அதனால் புதுப் புத்தகத்தையும் இரண்டாக வகிர வேண்டியிருந்தது. "எனக்குப் பின்பாதி குடுங்க சார், கார்த்திகையில மறுபடி போயிடுவோம், முன்பாதிதான் எனக்குத் தெரியுமே" என்றாள். அவள் வைத்திருந்தது பழைய பாடம், இந்தப் புத்தகத்தில் அதில் ஒன்றுகூட இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவள் மேஜையிலிருந்த முன்பாதியைத் திரும்பக் கையில் எடுத்தாள்.

"அப்ப சூளையில உக்காந்து நான் படிச்சது எந்தப் பொஸ்தகம் சார்?"

எங்கள் மலையில் அரசாங்கப் புத்தகம் எல்லோருக்கும் சமமாகத்தான் கிடைக்கிறது, ஆளுக்குப் பாதியாக.